விரல் பிடித்த கொடி

பொள்ளாச்சிக்கு மேற்கே, கணவாய்க் காற்று மலையிறங்கி வந்ததும் முதல் மோதலை வாங்கிக்கொள்கிற சந்தைமேட்டுக் காலனியில் மருதாசலம் என்று ஒருவர் இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான், ஆனால் அதைச் சொல்லி அவரை யாரும் அடையாளம் காட்ட மாட்டார்கள். ‘தோட்டத்து வாசல்’ மாத இதழில் ‘வைத்துப் பார்த்தேன்’ என்ற பத்தியை எழுதுகிறவர் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கம்பெனி புதிதாக ஓர் உரத்தையோ பூச்சி மருந்தையோ பூவாளியையோ விதையையோ கொண்டுவந்தாலும் அவருக்கு ஒன்றை அனுப்பிவைக்கும், அவரும் அதை மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பார், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவார். மாவுப்பூச்சிக்கு என்று வந்த ஒரு மருந்தைப் பற்றி, “இதை அடித்த பிறகு மாவுப்பூச்சிகள் முன்பைவிடச் சந்தோஷமாக இருந்தன” என்று அவர் எழுதியதைக் காலனிக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மனுஷனுக்கு முகதாட்சண்யம் என்பதே கிடையாது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதைச் சோதித்தாலும் பருவம் முடிந்ததும் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவார். அது காய்த்துக் குலுங்கினாலும் சரி, மொட்டு விட்டு நாளைக்குப் பூக்கிறேன் என்று நின்றாலும் சரி, வேரோடு பிடுங்கி, மாடிக் குழாயடியில் மண்ணைக் கழுவி, பழைய செய்தித்தாளில் விரித்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேரைப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடுவார். இலையும் பூவும் ஆளைப் பார்த்துச் சிரிக்கும், அதை நம்பி எழுதக் கூடாது, வேருக்குத்தான் நடிக்கத் தெரியாது என்பது அவர் கட்சி. “காய்க்கிற செடியக் கொல்றதுக்குன்னே ஒரு உத்தியோகம்” என்று அவர் மனைவி சுலோச்சனா பருவத்துக்கு ஒருமுறை தலையில் அடித்துக்கொள்வாள்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள், மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கதை. நவநீதன் என்று ஒரே பையன். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியோடு வடக்கே சத்தீஸ்கர் பக்கம் வேலைக்குப் போனான். லாரி திரும்பி வந்தது, குழாய்கள் திரும்பி வந்தன, கூடப் போனவர்கள் தாடியும் தூசியுமாகத் திரும்பி வந்து இதே வாசலில் நின்று, ஏதோ ஓர் ஊர் ரயிலடியில் டீ குடிக்க லாரிய விட்டு எறங்குனவன், அப்புறம் வந்து ஏறவே இல்லீங்க என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்கள். போலீசுக்குச் சொன்னார்கள், பேப்பரில் போட்டார்கள், மருதாசலம் ரயிலேறிப் போய் பாஷை தெரியாத ஊர்களில் போட்டோவைக் காட்டிக் காட்டி நடந்துவிட்டு வந்தார். இருக்கிறானா இல்லையா என்ற ஒன்று மட்டும் தெரியவில்லை. செத்துப்போனவனுக்கு அழலாம், இருக்கிறவனுக்குக் காத்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் சுலோச்சனா உலை கொதிப்பதைப் பார்த்தபடியே நின்று சாதத்தைக் குழைய விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு தை மாதத்தில் கம்பெனிப் பெயர் இல்லாத ஓர் உறை வந்தது, அதில் ‘சோதனைக்கு’ என்று மட்டும் அச்சடித்திருந்தது, உள்ளே அவரை விதை மாதிரி ஒரே ஒரு விதை இருந்தது. யார் அனுப்பினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, அதைத் தேடி யாரும் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. மருதாசலம் தென்னைநார்க் கழிவும் செம்மண்ணும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து செடிப் பையில் ஊன்றினார், அது முளைத்தது, பங்குனிக்குள் மாடிப் பந்தல் முழுக்கப் படர்ந்து, கொடிகளுக்கெல்லாம் உண்டான மாதிரி மெல்லிய பச்சைப் பற்றுக்கம்பிகளை நாலா பக்கமும் நீட்டிப் பிடிமானம் தேட ஆரம்பித்தது. புதுக் கொடி என்றால் விரலைக் கொடுத்து அதன் பிடிவேகத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். விரலைக் கொடுத்தார், அது சுருளவில்லை. பக்கத்திலிருந்த கம்பியைச் சுற்றியது, கயிற்றைச் சுற்றியது, அவர் விரலை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. சோம்பேறி இனம் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டார்.

கேஸ் சிலிண்டர் போட வந்த சகாயராஜ்தான் முதலில் பிடிபட்டான். மாடியில் இருந்த வெந்நீர் அடுப்புக்குச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு வந்தவன், மூச்சு வாங்க நின்றபோது விளையாட்டாக ஒரு விரலை நீட்டினான். கொடி அவன் விரலைச் சுற்றிக்கொண்டது, சுற்றியது மட்டுமில்லை, இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கியது. சகாயராஜ் சிலிண்டரை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, அவ்வளவு பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

“எந்தம்பிங்கண்ணா” என்றான் மருதாசலத்திடம். “தண்ணில போனானே, ஸ்டீபன். ரோடு தாண்டறப்போ இப்படித்தாங்கண்ணா புடிப்பான். விட்டு விட்டுப் புடிப்பான்.”

அன்று சாயங்காலத்துக்குள் காலனியே மாடிப்படியில் நின்றது. ஒவ்வொருவரும் விரலை நீட்டினார்கள், ஒவ்வொருவரையும் கொடி ஒவ்வொரு விதமாகப் பிடித்தது. பரிமளா டீச்சரை அவருடைய அம்மா பிடித்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி மணிக்கட்டுக்குப் பக்கத்தில். பால் சொசைட்டிக் கணக்கர் ஒருவரை அவர் அப்பா பிடித்தார், காதைத் திருகப் போகிறவர் முதலில் கையைப் பிடிக்கிற மாதிரி. ஆஸ்பத்திரியிலேயே குழந்தையைப் பறிகொடுத்த தேவகியை, பிறந்து ஒரே ஒரு நாள் இருந்த அந்தச் சிசு பிடித்தது, அவள் விரலின் பாதியைக்கூட அதனால் சுற்ற முடியவில்லை, அவள் விரலை எடுக்காமல் நின்றாள், பின்னால் வரிசையில் நின்ற யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.

ஆச்சரியம் இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை, அப்புறம் அது காலனியின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற நேரம் போக மீதி நேரத்தில் கை பிடிக்கிற நேரம் என்று காலனிச் சங்கச் செயலாளர் சென்னியப்பன் முறை வகுத்தார். மாடிப்படியில் செருப்புகளைக் கழற்றி வைத்தார்கள், சிலர் நகம் வெட்டிக்கொண்டு வந்தார்கள், மோதிரம் கொடியை உறுத்தும் என்று கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். யாரோ தண்டில் மஞ்சளைப் பூசிவிட்டுப் போக, மருதாசலம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, “சாமி இல்லீங்க இது, செடி, மஞ்சப் பூசுனா மூச்சு முட்டும்” என்று சத்தம் போட்டார். கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் ஒருவர் கேமராவோடு வந்தார், யாருடைய கை கிடைத்ததோ, படம் எதுவும் எடுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். சென்னியப்பனை அவருடைய காலஞ்சென்ற முதல் மனைவி பிடித்துவிட்டாள். அதைக் காதும் காதும் வைத்தாற்போல் வைத்துக்கொள்ளத் தெரியாமல் எல்லோர் முன்னாலும் “ஏ புள்ள, ராசாத்தி” என்று வாய்விட்டதில், இப்போதைய மனைவி அடுப்பே பற்றவைக்கவில்லை, செயலாளர் வெகுநாள் ஹோட்டலில் சாப்பிட்டார்.

பதியன் போட்டுப் பார்த்தார்கள், வேர் விடவில்லை. வெட்டி நட்ட துண்டுகள் கருகின. பூத்தது, ஆனால் ஒரு காயும் பிடிக்கவில்லை. அந்த ஒரு பையும் அந்த ஒரு வேரும்தான் என்று எல்லோருக்கும் புரிந்தபோது, வெயிலுக்குப் பழைய சேலைகளைக் கட்டி நிழல் செய்தார்கள்.

கிட்டம்மாளை மட்டும் கொடி பிடிக்கவில்லை. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். தினமும் வந்து விரலை நீட்டினாள், கொடி தொட்டுப் பார்த்துவிட்டு விலகியது.

“அத்தன வருசம் சோறாக்கிப் போட்டிருக்கேன், செத்தும் இந்த மனுசனுக்குக் கொழுப்புப் பாருங்க டீச்சர்” என்று மாடிப்படியில் உட்கார்ந்து பொருமினாள்.

பரிமளா டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “கிட்டம்மா, நெசத்தச் சொல்லு, நீ வெரல நீட்டறப்போ யார நெனைக்கற?”

“வேற யார, துபாய்ல கெடக்கிற எம்பையனத்தான்.”

“அதானே பாத்தேன். மனசு யாருக்கு ரொம்பத் தவிக்குதோ அந்தக் கையத்தான் இது குடுக்குது. உம்பையன் கை அங்க துபாய்ல உசுரோட வேல செஞ்சுட்டு இருக்கு. அத இது எப்படிக் கொண்டாரும்?”

கிட்டம்மாள் அங்கேயே போன் போட்டு, பையன் தூக்கக் கலக்கத்தில் ‘என்னம்மா’ என்றதும் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டு, காலனி முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அதன் பிறகு கொடி பிடிக்காதவர்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

இந்தப் பேச்சு கீழே அடுப்படியில் இருந்த சுலோச்சனாவின் காதில் விழுந்தது. அவள் கரண்டியோடு மேலே வந்தாள். அதுவரை அந்தக் கொடியின் பக்கம் வராதவள் அவள். இப்போதும் பந்தலுக்கு வெளியிலேயே நின்றாள்.

“ஏனுங்க, உங்களப் புடிச்சுதா?”

“இல்ல புள்ள. ஆரம்பத்துலயே வச்சுப் பாத்தேன். புடிக்கல.”

“இப்ப வைங்க.”

அவர் விரலை நீட்டினார். கொடி தொட்டது, விலகியது. சுலோச்சனா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் தவிப்பு என்று ஒன்றுதான் இருந்தது, அதற்கு ஒரே பெயர்தான் இருந்தது.

சோதனைக்கார புத்தி சும்மா விடுமா? செத்துப்போன தன் அப்பாவை நினைத்துக்கொண்டு விரலை நீட்டிப் பார்த்தார் மருதாசலம், அம்மாவை நினைத்துப் பார்த்தார். நினைப்பு பாதி வழியில் நவநீதனிடம் போய் நின்றுவிட, கொடி விலகிக்கொண்டது. கொடியை ஏமாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு ஒரு மருந்து வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த நிம்மதி வந்தது. அன்று முதல் விடிந்ததும் முதல் வேலை மாடிக்குப் போவதுதான். அவர் விரலை நீட்டுவார், கீழே படியடியிலிருந்து சுலோச்சனா “புடிச்சுதாங்க?” என்பாள், அவர் “இல்ல” என்பார், அவள் காபி கலக்கப் போவாள். அவர்களுக்கு மகனிடமிருந்து தினமும் வந்துகொண்டிருந்த கடிதம் அந்த ‘இல்ல’தான். தன் விரலை மட்டும் அவள் கொடுக்கவே இல்லை. “எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க சொல்றதே போதும். நீங்கதான் பொய் எழுதாத ஆளாச்சே.”

அவளுக்கு உயிர் வந்தது. சாதம் உதிரி உதிரியாக வந்தது. நவநீதனுடைய பைக்கை மெக்கானிக்கிடம் கொடுத்துப் புது பேட்டரி போட்டாள், அவன் சட்டைகளை வெயிலில் காயப்போட்டு மடித்தாள், ஒரு நாள் அவன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய்த் தரகரைப் பார்த்துவிட்டு வந்தாள். காணாமல் போனவனுக்குப் பெண் பார்க்கிறாளே என்று வேறு ஊராக இருந்தால் வாயைப் பொத்திச் சிரித்திருப்பார்கள். சந்தைமேட்டுக் காலனியில் யாரும் சிரிக்கவில்லை, எந்த ஊர்ப் பெண், என்ன படிப்பு என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

ஆடிக்காற்றோடு பருவம் முடிந்தது. இதழாசிரியர் போன் செய்து, மதிப்புரை எங்கே, இன்னும் வேரைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். இந்தச் செய்தி வெளியே தெரிந்ததும் காலனியே வாசலில் திரண்டது. தேவகி அவர் காலைத் தொட்டாள். மருதாசலம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வழக்கத்தைத் தளர்த்தி, பிடுங்க மாட்டேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார். அவர்களுக்காகக் கொடுத்ததாகத்தான் அவர்கள் நினைத்தார்கள்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சந்தை நாள் காலையில், அவர் எப்போதும் போல மாடிக்குப் போய், இலைகளில் நின்ற தண்ணீரை உதறிவிட்டு, விரலை நீட்டினார். கொடி தொட்டது. விலகும் என்று அவர் விரலை எடுக்கப் போனார். அது விலகவில்லை. நடுக்கணுவில் வளைந்து ஒரு சுற்றுச் சுற்றி, மெல்லிய நுனியை அவர் நகத்தின் மேல் வைத்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்தது.

சின்னதில் அவன் அப்படித்தான் பிடிப்பான். முழுக் கையையும் கொடுத்தால் வாங்க மாட்டான். ஒரு விரலை மட்டும் கணுவில் வளைத்துக்கொண்டு, வழி நெடுக அப்பாவின் நகத்தைத் தன் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே வருவான், நகம் வழவழவென்று இருக்கிறது என்று சொல்வான். இதை மருதாசலம் யாருக்கும் சொன்னதில்லை, சுலோச்சனாவுக்குக்கூடத் தெரியாது. எங்கே, எந்த ஊரில், பக்கத்தில் யாராவது இருந்தார்களா, தண்ணீர் கேட்டானா, எதுவும் அந்தக் கொடிக்குச் சொல்லத் தெரியவில்லை. அது நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“புடிச்சுதாங்க?” கீழே இருந்து குரல் வந்தது.

அவர் விரல் அவன் பிடியில் இருந்தது. “இல்ல” என்றார்.

“நல்லதா போச்சு” என்றபடி அவள் பாதிப் படி ஏறி வந்தாள். தலைக்குக் குளித்து, சந்தைக்குப் போகப் பையோடு நின்றாள். “ஏனுங்க, எனக்குப் பயம் விட்டுப்போச்சு. இத்தன மாசம் நீங்க ஒருத்தரே வெச்சுட்டு இருக்கீங்க. நாளைக்குக் காலைல நானும் வெச்சுப் பாக்கறேன். என்னயும் புடிக்காது, பாத்துக்குங்க.”

“சரி புள்ள” என்றார், திரும்பாமல். “காய் பாத்து வாங்கு. மழைல நனைஞ்சது வாங்காத.”

கேட் சாத்துகிற சத்தம் கேட்கும் வரை நின்றார், அதற்குப் பிறகும் நின்றார். வெட்டுக்கத்தரி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது, அதை எடுக்க மனம் வரவில்லை. அவன் எப்படிச் சுற்றினானோ அப்படியே திருப்பிச் சுற்றி, இடது கையால் மெதுவாக, ஒரு சுருள் பிரிந்தால் அது மறுபடி வந்து பிடிக்க, மறுபடி பிரிக்க, “விடு சாமி, அப்பா சொல்றேன்ல, விடு” என்று சொல்லிச் சொல்லித் தன் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு தண்டின் அடியைப் பிடித்து இழுத்தார். அறுபது வயதைத் தாண்டிய, பழகிய கைகள், எந்தக் கோணத்தில் இழுத்தால் வேர் அறாமல் வரும் என்று அவற்றுக்குத் தெரியும், அவர் சொல்லாமலே அப்படி இழுத்தன. பந்தலிலிருந்து விழும்போது எத்தனையோ பற்றுக்கம்பிகள் எதையெதையோ பிடித்தன, அவருடைய சட்டையைப் பிடித்தன, ஸ்டீபனும் டீச்சரின் அம்மாவும் ஒரே நாள் இருந்த அந்தச் சிசுவும் சரிந்து தரையில் கிடந்தார்கள். குழாயடியில் மண்ணைக் கழுவினார். செய்தித்தாளில் விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நல்ல வெள்ளை வேர், அங்கங்கே நூற்புழு தாக்கிய முடிச்சு, வேறு ஒன்றும் விசேஷமில்லை.

பிறகு உட்கார்ந்து எழுதினார். “பெயர் தெரியாத அவரை இனம். நன்றாகப் படர்கிறது, காய்ப்பதில்லை. விரலைப் பிடிக்கிறது என்று சிலர் சொன்னார்கள். நான் வைத்துப் பார்த்தேன், என்னை ஒரு நாளும் பிடிக்கவில்லை.”

மத்தியானத்துக்குள் காலனி கூடிவிட்டது. சகாயராஜ் காலிப் பையைப் பார்த்துவிட்டு, மண்ணை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனான். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமலே போனார். தேவகிதான் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினாள். “வாக்குக் குடுத்துட்டுப் புடுங்கிப் போட்டீங்களே, நீங்கெல்லாம் மனுசனா? உங்களப் புடிக்கலைங்கற வயித்தெரிச்சல்தான? எங்க எல்லாத்துக்கும் கை கெடைக்குது, உங்களுக்குக் கெடைக்கலைன்னுதான? எம்புள்ளய ரெண்டாம் தடவ கொன்னு போட்டீங்க!”

அப்போதுதான் சந்தையிலிருந்து வந்த சுலோச்சனா, பிடுங்கிக் கிடந்ததைப் பார்த்து ஒரு கணம் திகைத்து அவர் முகத்தைத் தேடினாள். “பருவம் முடிஞ்சு எத்தன நாளாச்சு, இதழ்ல கேக்கறாங்க” என்றார் அவர். அவள் அதை நம்பினாள். பருவத்துக்கு ஒருமுறை பார்த்ததுதானே. பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்குப் போனாள்.

“இத பாரு தேவகி, உன்ற வேதன எனக்குப் புரியுது, அதுக்காக அவர வயித்தெரிச்சல் புடிச்சவருன்னு சொல்லாத. எங்களுக்கு எதுக்கடி அந்தக் கை? எங்க வீட்ல யாரு செத்தா? எம்பையன் இருக்கான். இன்னிக்குக் காலைல வரைக்கும் புடிக்கல, கேட்டுப் பாரு அவர.”

தேவகி அவரைப் பார்த்தாள். அவர், “ஆமா, புடிக்கல” என்றார்.

கூட்டம் கலைந்தது. சுலோச்சனா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவள் முகம் தெளிவாக இருந்தது. நாளைக்கு விரல் வைத்துப் பார்க்க முடியாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்தான், பரவாயில்லை, இத்தனை மாதம் பார்த்தாயிற்று, இனிமேல் எதற்குச் சந்தேகம் என்றாள். ஆனைமலைப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம், நர்சிங் படிப்பாம், தரகர் சந்தையில் பார்த்துச் சொன்னார் என்றாள். சொல்லிக்கொண்டே அவர் கையை எடுத்துப் பார்த்தாள். நடுக்கணுவைச் சுற்றி ஒரு பச்சைக் கோடும் நகத்தின் மேல் ஒரு பச்சைத் தீற்றலும் இருந்தன.

“கொடியப் புடுங்குனதுல கறையப் பாருங்க, இதோட சாப்பிடுவீங்களா?” என்று உள்ளே போய்க் கொஞ்சம் புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். “சும்மா இருங்க” என்று மடியில் வைத்துப் பிடித்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு அண்ணன் இருக்கிறானாம், நல்ல குடும்பமாம் என்று சொல்லிக்கொண்டே, கணுவைத் தேய்த்தாள், நகத்தைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கறை போய்விட்டது. அவள் முந்தானையால் துடைத்து, கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பாடு போட எழுந்து போனாள்.